கும்பினிக்கும் ஊருக்கும் நடுவே

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் தம் பேரனைப் பார்த்து, "தம்பி, நீ கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறாயா, இல்லை, எழுதினதை விற்கிறாயா?" என்று கேட்பாரானால், டெவலப்பர் அட்வகேட் என்னும் உத்தியோகத்தில் இருக்கும் அந்தப் பேரன் சற்றுத் திணறித்தான் போவான். எழுதுவது அவன் வேலையில் ஓர் அம்சம். ஆனால் அவன் எழுதுவது மாதிரிக்காகவே, விற்பனைக்காக அன்று. பேசுவது மற்றோர் அம்சம். ஆனால் அவன் பேச்சைக் கேட்டு அந்த இடத்திலேயே எவரும் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. கணக்கு, சரக்கிருப்பு, விலைப்பட்டியல், சம்பளம் முதலிய வியாபார காரியங்களுக்கென்று ஒரு பெரிய கம்பெனி மென்பொருள் தளம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது; அதன்மீது அவரவர் தேவைக்கேற்ற மேற்கட்டுமானத்தை எழுப்பிக்கொள்ளும் புரோகிராமர்கள் தேசமெங்கும் பரவியிருக்கிறார்கள்; அவர்களுக்கு அத்தளத்தின் நெளிவுசுளிவுகளைக் கற்பித்துக் காட்டுவதும், அவர்கள் படும் சங்கடங்களைக் கேட்டுக்கொண்டு வந்து கம்பெனியின் பொறியாளர்களிடம் சேர்ப்பிப்பதும் அவனுடைய ஜோலி. சம்பளம் கொடுப்பது கம்பெனி; அவன் பரிந்து பேசவேண்டியதோ வெளியில் இருப்பவர்களுக்காக.

இப்படிப்பட்ட இடைநிலை உத்தியோகம் அமெரிக்காவில் நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுவது சகஜம். பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரைச் சீமையின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணம் நீடிப்பது கடினம்.

செஞ்சியில் இருந்துகொண்டு மொகலாயரோடு போராடிய மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கும்பினியார் 1690-இல் விலைக்கு வாங்கினார்கள். எலிஹு யேல் அப்போது சென்னைக் கவர்னர். கிரயத்தில் கோட்டை மட்டும் அடங்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரத்து நிலமும் அடங்கியது. இங்கிலீஷ்காரர்கள் தங்களிடமிருந்த நல்ல பீரங்கியைத் தேர்ந்தெடுத்துச் சுட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டப்பெற்ற இவ்விடம், 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் 1752 வரை சோழமண்டலக் கரையில் இங்கிலீஷாருக்குத் தலைமை ஸ்தானமாகவே இருந்தது.

யுத்த விருத்தாந்தங்களைப் பள்ளிப் புஸ்தகங்களில் நிறையப் படித்துவிட்டோம். கும்பினி இங்கே வந்தது யுத்தத்துக்காக அன்று, துணிக்காக. லண்டனிலிருந்து உத்தரவு வரும்: இந்த நீளம், இந்த அகலம், இத்தனை புஞ்சம். புஞ்சம் ஒன்றுக்குப் பாவிழை 120. புஞ்சம் ஏற ஏறத் துணி நெருக்கமாகும். உத்தரவோடு மாதிரித் துண்டுகள் கோட்டையில் காப்பாற்றப்பட்டிருக்கும். நெய்து வந்த துணி ஒவ்வொன்றையும் அந்த மாதிரியோடு வைத்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாந் தரம், தள்ளுபடி என்று பிரிப்பார்கள். உத்தரவு எழுதியவனுக்குத் தறியைத் தெரியாது. தறியில் உட்கார்ந்தவனுக்கு லண்டனைத் தெரியாது. பஞ்சு விலை ஏறியிருக்கும். பஞ்ச காலத்தில் அரிசி விலை அதைவிட ஏறியிருக்கும். முன்பணமாக வாங்கிய வராகன் வயிற்றுக்கே போய்விட்டிருக்கும். அந்த நிலையில் புஞ்சத்தில் இழை குறைவதன் காரணத்தைக் கோட்டையில் யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும். அந்த யாரோதான் இருமொழி அறிந்த துபாஷி. அவரோடு சேர்ந்தவர் கும்பினி வர்த்தகர். துணியின் உத்தரவை ஊருக்குக் கொண்டு சென்றவர்களும், ஊரின் முறையீட்டைக் கோட்டைக்குக் கொண்டு வந்தவர்களும் இவர்களே.

துபாஷிகளைப் பற்றி நம்மவர்க்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதற்குக் காரணமும் உண்டு. இருபுறமும் கமிஷன் பார்த்தவர்கள், நெசவாளியின் கூலியைக் கத்தரித்தவர்கள், கும்பினியாரின் காதுக்கு இனிப்பானதை மட்டும் ஓதியவர்கள் அவர்களில் அநேகர். இருந்தும், கோட்டைக்குப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த தினசரியை எடுத்துப் படித்தால் அந்த ஸ்தானத்தின் கஷ்டம் விளங்கும். செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் முயன்று முயன்று தோற்ற செய்திகளையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டு எழுதிய அந்த மனிதர், துரை இன்ன சொன்னார், ஊரார் இன்ன சொன்னார்கள் என்று இரண்டையும் ஒரே கையால் பதிந்துகொண்டு போகிறார். தம் எஜமானருக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் தினசரியில் மட்டும் எழுதி வைப்பது என்ற பிரச்சினை அப்புஸ்தகத்தின் பக்கங்களில் ஓயாமல் தலைகாட்டுகிறது.

கோட்டையின் நிழலில் இன்னொரு வகைத் தூதரும் இருந்தார்கள். 1737-இல் சார்டோரியஸ், கைஸ்டர் என்னும் ஜெர்மன் பாதிரிமார் கடலூருக்கு வந்தார்கள். 1740-இல் வந்த கீர்நாண்டர் என்னும் சுவீடன் தேசத்தவர், 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்த பிறகே இவ்விடம் விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். இவர்களுக்கு வழிகாட்டியான சீகன்பால்கு, தரங்கம்பாடியில் இருந்தபோது உபதேசம் செய்ததோடு நிற்காமல், தமிழரிடம் அவர்களுடைய வழக்கங்களையும் ஆட்சேபங்களையும் கேட்டுக் கடிதங்களாக எழுதி வாங்கி, அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சாயின. கடலூர்ப் பாதிரிமாரும் அந்த வழக்கத்தையே கைக்கொண்டவர்கள். கிராமங்களில் அலைந்து பேசிய பாடு பெரும்பாலும் சுதேச உபதேசியார்களுடையது. அவர்கள் திருப்பிக் கொண்டு வந்த கேள்விகளைக் கொண்டே பாதிரியார் தம் அறிக்கையை நிரப்பினார்.

பாதிரிமாரின் இந்த முறையைக் கூர்ந்து கவனித்த தமிழர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், மிஷனரிகள் ஜனங்களிடம் பேசும் முறையின் பலத்தை உள்ளிருந்தே அறிந்தவர். 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய சைவப் பிரசங்கம், அந்த முறையைச் சைவத்துக்குத் திருப்பிக்கொண்ட காரியம் என்றே சொல்லலாம். 1864-இல் அவர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கேட்பவர்களுக்குப் புரிகிற வசனத்தில் பேசுவது, பேசியதை அச்சிட்டுக் கையில் கொடுப்பது, படிக்கப் பள்ளிக்கூடமும் வைப்பது என்ற மூன்றையும் ஒருவரே செய்தார். இன்றைய மென்பொருள் கம்பெனிகள் தங்கள் ஆட்களிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இம்மூன்றையே.

துபாஷியும் உபதேசியாரும் போனபின் அவ்விடத்தை நெடுங்காலம் வகித்தவர், கரும்பாலையின் ஃபீல்டுமேன். இவரைப் பற்றி யாரும் சரித்திரம் எழுதாதது எனக்கு வருத்தமே. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலை இருக்கிறது. 1842-ஐ அதன் தொடக்கமாகக் கம்பெனியார் கொண்டாடுகிறார்கள். ஆலை ஓடவேண்டுமானால் சுற்றுவட்டார விவசாயி கரும்பு நட வேண்டும். ஆலை விரும்பும் ரகத்தை, ஆலை விரும்பும் மாசத்தில் நட வேண்டும். அதற்காகச் சைக்கிளிலும் பிற்பாடு மோட்டார் சைக்கிளிலும் வரப்பு வரப்பாகச் சுற்றியவர் ஃபீல்டுமேன். கரணையை இந்த ஆழத்தில் ஊன்று, தோகையை இந்த மாசத்தில் உரி, கட்டைக்கரும்பை இப்படிக் கவனி என்பது அவர் உபதேசம். அறுவடைக்கு முன் அவர் வயலுக்கு வந்து செய்யும் சோதனை பார்க்கத் தக்கது. கரும்பின் அடிப்பாகத்தில் ஓரிடத்தையும் நுனிப்பாகத்தில் ஓரிடத்தையும் ஊசியால் துளைத்து, வடியும் சாற்றில் இரண்டு துளியைக் கையடக்கமான ஒரு கருவியின் கண்ணாடியில் விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒற்றைக் கண்ணால் அளவு பார்ப்பார். அடியின் அளவும் நுனியின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டால் கரும்பு முற்றிவிட்டது. வாயில் மென்று பார்த்தே முற்றலைச் சொல்லிவிடும் குடியானவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். கருவியும் நாக்கும் ஒத்துப்போன இடத்தில் ஃபீல்டுமேன் பேச்சு எடுபடும்.

ஆனால் முற்றிவிட்டது என்று சொன்னவரால் வெட்டு உத்தரவைக் கொடுத்துவிட முடியாது. அது ஆலைக்குள் இருக்கிற உத்தியோகஸ்தர் கையில். உத்தரவு தாமதப்படும் ஒவ்வொரு வாரமும் கரும்பு காய்ந்து எடை குறையும், நஷ்டம் குடியானவருக்கு, ஏச்சு ஃபீல்டுமேனுக்கு. இன்னொரு சங்கடமும் உண்டு. கோயம்புத்தூரில் 1912-இல் தோன்றிய கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பர், டி. எஸ். வெங்கடராமன் முதலியோர் உண்டாக்கிய ‘கோ’ ரகங்கள் தேசத்தின் கரும்புச் சாகுபடியையே மாற்றின. அந்தப் பரம்பரையில் நம் கடலூர் ஆராய்ச்சி நிலையம் பொறுக்கியெடுத்த ‘கோக 671’ என்ற ரகம் 1980-களில் சர்க்கரைச் சத்து மிகுதியால் பெரும் புகழ் அடைந்தது. நடுங்கள், நடுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். செவ்வழுகல் நோயைத் தாங்கும் சக்தி அதற்கு இல்லை என்பது பின்னால் வயல்களில் வெளிப்பட்டது. தண்டைப் பிளந்து சிவந்த திட்டுகளைக் காட்டும் விவசாயியின் எதிரில், சென்ற வருஷம் அதே ரகத்தைப் புகழ்ந்த வாயோடு நிற்பது எளிதான காரியம் அன்று. அப்படி நின்றும் மறுவருஷம் அதே வரப்பில் நடமாட முடிந்தவர்தான் நல்ல ஃபீல்டுமேன்.

கம்ப்யூட்டர் உலகில் இந்த ஸ்தானம் தோன்றிய கதை சிறியது. ஆப்பிள் கம்பெனி 1984-இல் மெக்கிண்டாஷ் இயந்திரத்தை வெளியிடுமுன், அதற்கு மென்பொருள் எழுதும்படி பிறரை இணங்க வைக்க மைக் பாயிச் என்பவரை நியமித்தது. அவரைத் தொடர்ந்து கை கவாசாகி அந்தப் பதவியைப் பிரசித்தமாக்கினார். சுவிசேஷகர் என்று பாதிரிமார் பட்டத்தையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். நாளடைவில் பலருக்கு அப்பட்டம் கூச்சத்தைத் தரவே அட்வகேட் ஆனார்கள். வியாபார மென்பொருளில் இது சற்றுத் தாமதித்தே வந்தது. ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து ஜெர்மானியர் 1972-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி., தன் தளத்தின் மர்மங்களைக் கட்டண வகுப்புகளிலும் கன்சல்டன்டுகளிடத்திலுமே வெகுகாலம் பூட்டி வைத்திருந்தது. 2003-இல்தான் தன் டெவலப்பர்களுக்கென்று பொதுவான அமைப்பொன்றை அது திறந்தது. 1999-இல் பிறந்த சேல்ஸ்ஃபோர்ஸ், 2007 வாக்கில் தன் தளத்தையே பிறர் புரோகிராம் எழுதுவதற்கென்று திறந்துவிட்டது. நம் பக்கத்தில் 1996-இல் அட்வென்ட்நெட் என்று தோன்றி 2009-இல் பெயர் மாறிய ஜோஹோ, கிரியேட்டர் என்ற தளத்தையும் அதற்கென ஒரு சொந்த மொழியையும் செய்ததோடு, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கும் பள்ளியையும் 2005 முதல் நடத்துகிறது.

கடலூர்க் கடைவீதி இதையெல்லாம் வேறு வாசல் வழியாக அறிந்தது. 1986-இல் பெங்களூரில் கோயங்கா தந்தையும் மகனும் தொடங்கிய டேலி, முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பேரேட்டுக்குப் பதிலாய் உட்கார்ந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, கடை கடையாக ஏறி, சரக்குக் குறியீடு எது, மாநில வரி மத்திய வரி எந்தக் கட்டத்தில், பழைய இருப்பை எப்படி ஏற்றுவது என்று முதலாளிமாருக்குச் சொல்லிக் கொடுத்த இளைஞர்களின் விசிட்டிங் கார்டில் அட்வகேட் என்று எவரும் அச்சிடவில்லை. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் ஏற்படுத்திய சர்வகலாசாலையோ, 1979-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியின் மூலம், கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாத குமாஸ்தாக்களுக்கும் கம்ப்யூட்டர் பட்டயத்தைக் கொண்டு சேர்த்தது. அண்டை ஜில்லாவில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினர், எந்தக் கம்பெனியின் சம்பளமும் வாங்காமல், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கிறார்கள். சம்பளம் வாங்கிப் பேசுகிறவன் இவர்கள் எதிரில் சற்று அடக்கமாகவே பேச வேண்டும்.

சம்பளம் வாங்கும் நம்மவனின் வேலைநாளில் மேடை ஏறுவது மிகச் சிறிய பங்கு. சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது நிமிஷம் பேசுவதற்கு, அதற்கு முந்தின வாரம் முழுவதும் மாதிரி புரோகிராமை எழுதி, உடைத்து, மறுபடி எழுதியிருப்பான். கடைசி வரிசைக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கி வைப்பான்; ரகசியச் சாவி திரையில் தெரிந்துவிடாமல் மறைப்பான்; கூடத்து இன்டர்நெட் காலை வாரிவிட்டால் காட்டுவதற்கென்று ஓடின காட்சியை முன்னதாகவே பதிவு செய்து வைத்திருப்பான். அத்தனை ஏற்பாடும் முடிந்தபிறகு, தளத்தின் புதிய பதிப்பு அன்று காலைதான் வெளியாகி, ஒரு பொத்தான் வேறிடத்துக்குப் போயிருக்கும்.

மேடையைவிட்டு இறங்கிய பின்புதான் உண்மையான வேலை வருகிறது. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்காகப் புரோகிராம் எழுதும் பையன் அவனைப் பிடித்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் கற்பிக்கப் பயன்படும் உதாரணங்கள் விசித்திரமாக ஒரே ஜாதி. எஸ்.ஏ.பி. மாணவர்களுக்குக் கொடுக்கும் குளோபல் பைக் ஒரு சைக்கிள் கம்பெனி. மைக்ரோசாஃப்ட் மாதிரிக்கு வைத்த அட்வெஞ்சர் ஒர்க்ஸும் சைக்கிள் கம்பெனிதான். சக்கரம், சங்கிலி, பிரேக், இருக்கை என்று பல சாமான்கள் உள்ளே போகும். சைக்கிள் ஒன்று வெளியே வரும். பண்ருட்டியிலோ காரியம் தலைகீழ். 80 கிலோ கொட்டை மூட்டை ஒன்று உள்ளே போகிறது. அவித்து, உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கி, ரகம் பிரித்தால், ராத்தலுக்கு 180 நிற்கும் பெரும் பருப்பு, 240, 320, அப்புறம் பாதி, உடைசல், எண்ணெய்க்குப் போகும் தோடு என்று அரை டஜனுக்கு மேற்பட்ட சரக்குகள் வெளியே வருகின்றன. எந்த மூட்டையில் எது எவ்வளவு விழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூட்டையின் விலையை இத்தனை சரக்குகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதே பையனின் கேள்வி. பெரிய தளங்களில் இதற்கு வழி இல்லாமலில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் பால் பண்ணைக்கும் வேண்டியிருந்ததால் எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இருக்கும் மூலையை விளக்கக் குறிப்பு எழுதியவர் சைக்கிளின் சீட்டில் அமர்ந்து கண்டிருக்க முடியாது.

இங்கேதான் இரண்டு விதமான அட்வகேட்டுகள் பிரிகிறார்கள். ஒருவன் பையனுக்கு மூலையைக் காட்டிவிட்டு, கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் கணக்குத் தொடங்கினார்கள் என்று அறிக்கை அனுப்பிவிட்டு ரயிலேறுவான். மற்றவன் அன்றிரவே முந்திரி மூட்டை ஒன்றை மாதிரியாக வைத்து உதாரணப் புரோகிராம் எழுதிப் பார்ப்பான். அது எங்கே இடறுகிறது என்பதைக் கண்டு, பொறியாளர்களுக்கு ஒரு குறிப்பு எழுதுவான். பதில் வராதபோது மறுபடியும் எழுதுவான். பொறியாளர்களின் கூட்டத்தில் பண்ருட்டி என்ற பெயர் அலுத்துப் போகுமளவுக்குச் சொல்வான். இரண்டாமவனை வேண்டாதவன் என்று எண்ணும் மேலதிகாரி எல்லாக் கம்பெனியிலும் உண்டு.

ஆகையால் இந்த உத்தியோகத்தில் ஒருவன் எப்படிப் பேசுகிறான் என்பதைவிட, கம்பெனிக்குள் அவனை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதையே நான் முதலில் விசாரிப்பேன். சில கம்பெனிகளில் அவன் விளம்பர இலாகாவுக்குக் கீழ்ப்பட்டவன். அங்கே அவன் கொண்டு வரும் முறையீட்டுக்குச் செல்ல வழியே இல்லை, தலைக்கணக்கு மட்டுமே மேலே போகும். சில இடங்களில் பொறியாளர் இலாகாவிலேயே அவனுக்கு ஆசனம் உண்டு. அங்கே அடுத்த பதிப்பில் எதைத் திருத்துவது என்ற விவாதத்தில் அவன் வாய் திறக்கலாம். செலவைக் குறைக்கும் காலம் வந்தால் முதலாவது வகையார்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பது அத்தொழிலில் உள்ளவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் விஷயம். பதினேழாம் நூற்றாண்டுக் கும்பினியார் எத்தனையோ அக்கிரமங்கள் செய்தவர்கள். ஆனாலும் செயிண்ட் டேவிட் கோட்டைக் கவுன்சில் கூடும்போதெல்லாம், வர்த்தகர் என்ன சொன்னார், எந்தச் சரக்கு ஏன் தாமதம் என்பதையெல்லாம் ஆலோசனைப் புஸ்தகத்தில் எழுதி, நகலெடுத்து, கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் சென்னை ஆவணக் காப்பகத்தார் அச்சேற்றிய அந்த ஏடுகளில் இழை குறைந்த துணியின் வழக்குகளை இன்றும் படிக்கலாம். நெல்லிக்குப்பத்து ஃபீல்டுமேன்களின் குறிப்பு நோட்டுகளில் ஒன்றாவது எந்த அலமாரியிலாவது இருக்கிறதா என்று ஜில்லாவில் யாரேனும் தேடிப் பார்த்தால் நல்லது.